குண்டெழுத்து: பெயருக்கு அழகு, திகதிக்கு ஆபத்து

சில வருடங்களுக்கு முன்னர் எமது உறவுக்காரத் தம்பி ஒருவர் வீட்டிலேயே தொதல் கிண்டி, சிறு பொதிகளாக்கி விற்கத் தொடங்கினார். உம்மாவும் மனைவியும் அடுப்படியில், அவர் மோட்டார் சைக்கிளில். சரக்கு தரமானது. ஊர்க்கடைகளில் வைத்த இரண்டொரு நாளில் முடிந்துவிடும். அந்தத் துணிச்சலில் பெருநாளுக்கென இரண்டாயிரம் பொதிகள் போடத் திட்டமிட்டார். ஒரே தவணையில் கிண்டும் சரக்குத்தானே என்று உற்பத்தித் திகதியையும் காலாவதித் திகதியையும் சேர்த்தே லேபலில் அச்சடித்துக்கொண்டார்.

மாதிரிப் பொதியோடு நகரத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனார். கொள்வனவுக்குப் பொறுப்பானவர் பொதியை எடுத்துத் திருப்பினார். கண்ணுக்குக் கிட்டவும் எட்டவும் வைத்துப் பார்த்தார். "தம்பி, இது எட்டாம் மாசமா, ஆறாம் மாசமா?" என்று கேட்டார். தம்பி வாங்கிப் பார்த்தார். அவருக்கே விளங்கவில்லை. பொதி திரும்பி வந்தது.

லேபலில் பிழையான எழுத்து ஒன்றுகூட இல்லை. நடந்தது இதுதான்: முன்பக்கத்தில் பெயருக்குப் போட்ட அதே உருண்டு தடித்த குண்டெழுத்தைப் பின்பக்கத்தில் சேர்மானம், நிறை, திகதி எல்லாவற்றுக்கும் சின்னதாக்கிப் போட்டிருந்தார்கள். எட்டு, ஆறு, மூன்று, பூச்சியம் எல்லாம் ஒரே கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தன.

அந்த எழுத்து கூடாத எழுத்தா? இல்லை. நல்ல எழுத்து. வைத்த இடம்தான் பிழை. கடைப் பலகை, லேபல், துண்டுப்பிரசுரம் என்று எழுத்துக்குப் பணம் கொடுக்காத வியாபாரி எவரும் இல்லை. ஆகவே இந்த வாரம் குண்டெழுத்தைப் பற்றிச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

குண்டெழுத்து என்றால் என்ன?

எழுத்துருக்களைப் பொதுவாக இரண்டு வேலைக்கு வகுப்பார்கள். ஒன்று, வாசிப்பதற்கான எழுத்து. பத்திரிகையின் செய்தி, புத்தகத்தின் பக்கம், மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டு ஆகியவை இதில் அமையும். மற்றையது, கூப்பிடுவதற்கான எழுத்து. தலைப்பு, பெயர்ப்பலகை, பொதியின் முகப்பு ஆகியன இவ்வகை. முதலாவது எழுத்து தன்னைக் காட்டிக்கொள்ளாமல் விடயத்தைச் சொல்ல வேண்டும். இரண்டாவது எழுத்து தெருவில் போகிறவரைத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும்.

குண்டெழுத்து இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கோடுகள் மிகவும் தடிப்பானவை. முனைகள் வெட்டினாற்போல் இராது, உருண்டிருக்கும். எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம் சிறியது. தடித்த குழந்தையைக் கண்டால் கன்னத்தைக் கிள்ளத் தோன்றுவதுபோல, இவ்வெழுத்தைக் கண்டதும் ஒரு சிரிப்பும் நெருக்கமும் வருகின்றன. அதனிடம் நாம் விலைகொடுத்து வாங்குவது இந்தக் குணத்தைத்தான்.

இதன் பலவீனமும் அதே தடிப்பிலேயே இருக்கிறது. ஓர் எழுத்தை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் கறுப்புக் கோடு மட்டுமல்ல, உள்ளே இருக்கும் வெள்ளை இடமும்தான். கோடு தடிக்கத் தடிக்க அந்த வெள்ளை குறைகிறது. பெரிதாகப் போட்டால் குறைந்த வெள்ளையும் கண்ணுக்குத் தெரியும். சிறிதாக்கினால் மை பரவி அடைத்துவிடும். தொதல் லேபலில் நடந்தது இதுவே.

நூறு வருடத்துக்கு மேற்பட்ட கதை

குண்டெழுத்துக்களில் உலகப் புகழ் பெற்றது 'கூப்பர் பிளெக்'. அமெரிக்காவின் சிகாகோ நகரில் எழுத்து வரைபவராகவும் விளம்பர வடிவமைப்பாளராகவும் இருந்த ஒஸ்வால்ட் கூப்பர் அதை வரைந்தார். பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அன்ட் ஸ்பின்ட்லர் என்ற அச்செழுத்து வார்ப்பு நிறுவனம் 1922 ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டது. விளம்பரத்தொழில் வேகமாக வளர்ந்த காலம் அது. தூரநோக்குள்ள அச்சகக்காரருக்கும், கிட்டப்பார்வை உள்ள அவரது வாடிக்கையாளருக்கும் உரிய எழுத்து இது என்று கூப்பர் வேடிக்கையாகச் சொன்னதாகக் கூறுவர்.

ஈய எழுத்துக் காலம் போய், புகைப்பட முறையிலும் ஒட்டெழுத்துத் தாள்களிலும் எழுத்துக் கோக்கும் காலம் 1960களில் வந்தபோது, கூப்பர் பிளெக்குக்கு இரண்டாவது வாழ்வு கிடைத்தது. 1966 இல் வெளியான 'பெட் சவுண்ட்ஸ்' என்ற இசைத்தட்டின் உறையில் இருப்பது அதுதான். பின்னர் ரீசேர்ட்டுகளில் சூடாக்கி ஒட்டும் எழுத்தாகவும் பரவியது. இதற்கு ஒரு தொழிற் காரணமும் உண்டு. தட்டையான அடியுள்ள எழுத்துக்களை வரிசையில் ஒட்டும்போது ஒன்று சற்று ஏறியிறங்கினாலும் கண்ணுக்குப் பிடிபடும். அடி உருண்ட எழுத்தில் அந்தச் சிறு பிழை மறைந்துவிடும். கையால் ஒட்டுகிறவருக்கு இது பெரிய உதவி.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய உதாரணம் ஈஸிஜெட் விமான நிறுவனம். 1995 இல் பிரித்தானியாவில் குறைந்த கட்டண விமான சேவையாக ஆரம்பிக்கப்பட்ட இந்நிறுவனம், செம்மஞ்சள் நிறத்தையும் கூப்பர் பிளெக் எழுத்தையும் தனது அடையாளமாக்கிக்கொண்டது. ஆரம்ப நாட்களில் ஆசனப் பதிவுக்கான தொலைபேசி இலக்கத்தையே விமானத்தின் உடலில் பெரிதாக எழுதியிருந்தார்கள். பெரிய விமான நிறுவனங்கள் கம்பீரமான எழுத்துக்களைத் தேடிக்கொண்டிருந்த தொழிலில் இவர்கள் ஏன் குண்டெழுத்தை எடுத்தார்கள்? "இது பணக்காரருக்கு மட்டும் உரிய இடமல்ல, நீங்களும் வரலாம்" என்று அந்த எழுத்து சொல்கிறது. அவர்களுடைய வியாபாரமும் அதுதான். எழுத்தின் குணமும் வியாபாரத்தின் குணமும் ஒன்றாயிருந்தன.

தமிழுக்கு ஒரு 'தம்பி'

கூப்பர் பிளெக்கில் தமிழ் இல்லை. எமது வடிவமைப்பாளர்கள் நெடுங்காலமாகச் செய்துவந்தது, சாதாரணத் தமிழ் எழுத்தை எடுத்துச் சுற்றிவரக் கோடு போட்டுத் தடிப்பாக்குவதாகும். அப்படிச் செய்தால் எழுத்தின் வெளிப்புறம் தடிப்பதோடு உட்புற வெள்ளையும் அடைபடும். வீங்கிய முகம் போன்றதொரு தோற்றமே மிஞ்சும். தடிப்பாகவே திட்டமிட்டு வரையப்பட்ட எழுத்தில், எங்கே கோட்டை மெலிய வைக்க வேண்டும், எந்த வளைவைத் திறந்து விட வேண்டும் என்பதை வரைந்தவர் முன்கூட்டியே பார்த்திருப்பார்.

அத்தகைய எழுத்துருக்களில் இன்று இலகுவாகக் கிடைக்கக்கூடியது 'பாலூ தம்பி'. மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் என்ற எழுத்து வடிவமைப்புக் குழுவினர் இந்திய மொழி எழுத்துக்களுக்கென உருவாக்கிய 'பாலூ' குடும்பத்தின் தமிழ்ப் பிள்ளை இது. பாலூ என்றால் ஹிந்தியில் கரடி. பெயருக்கேற்ற உடம்பு. 2016 முதல் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இருக்கிறது. ஒவ்வொரு மொழிக்கும் உறவுமுறைப் பெயர் வைத்திருப்பது ரசிக்கத்தக்கது. தமிழுக்குத் தம்பி, மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, பஞ்சாபிக்குப் பாஜி. அரபு, உருது எழுத்துக்களுக்கானதன் பெயர் பாயிஜான்.

முதலில் ஒரேயொரு தடிப்பில் வந்த இவ்வெழுத்து, பின்னர் 'பாலூ தம்பி 2' என்ற பெயரில் ஐந்து தடிப்புகளில் வெளியானது. ஆங்கில எழுத்துக்களும் அதிலேயே சேர்ந்திருக்கின்றன. திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டிருப்பதால் வியாபாரத் தேவைக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். எழுத்துருவைத் தனியே விலைக்கு விற்கத்தான் கூடாது. பிறருடைய உழைப்பைத் திருட்டுப் பிரதியாக எடுத்துப் பாவிக்க வேண்டிய தேவை இங்கே இல்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. ஆங்கிலத்தில் பீ, ஏ, எல், ஓ, ஓ என்று தட்டித் தேடினால் முழுக் குடும்பமும் வரும்.

எங்கே பொருந்தும்?

குண்டெழுத்துக்குப் பொருத்தமான இடங்களை மூன்று கேள்விகளால் கண்டுபிடிக்கலாம். சொற்கள் குறைவா? அளவு பெரிதா? பொருள் சந்தோஷமானதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் தயங்காமல் பயன்படுத்தலாம்.

இனிப்பு, ஐஸ்கிறீம், பழச்சாறு, கேக், பிஸ்கட், பிள்ளைகளின் உடுப்பு, விளையாட்டுப் பொருள் ஆகியவற்றின் பெயருக்கு இது மிகவும் ஏற்றது. பாலர் பாடசாலையின் பலகைக்கும், சிறுவர் போட்டியின் பதாகைக்கும் பொருந்தும். மாலை நேரச் சிற்றுண்டிக் கடைக்குக் கூப்பிடும் குரல் வேண்டும். அங்கும் இது நன்றாக வேலை செய்யும்.

விலையைப் பெரிதாகக் காட்டும் மலிவு விற்பனைத் தாள்களிலும் குண்டு இலக்கங்கள் நன்றாக எடுபடும். ஆனால் தாளின் ஒரு பகுதியில் மட்டும். எல்லாமே சத்தமாகப் பேசினால் எதுவுமே காதில் விழாது.

பொருள் செய்கின்ற முறையிலும் இதற்குச் சில அனுகூலங்கள் உண்டு. உள்ளே மின்குமிழ் வைத்து ஒளிரச் செய்யும் எழுத்துப் பெட்டிகளுக்குக் கோடு அகலமாக இருக்க வேண்டும். மெல்லிய எழுத்தில் குமிழ் வைக்க இடமிராது. ஒட்டும் தாளில் வெட்டி வாகனத்தில் ஒட்டும்போது, கூரிய முனைகளே முதலில் கிளம்பும். உருண்ட முனைகள் அதிக காலம் பிடித்திருக்கும்.

எங்கே கூடாது?

எழுத்துக்கும் ஒரு குரல் உண்டு. குண்டெழுத்தின் குரல் விளையாட்டுப் பிள்ளையின் குரல். ஜனாஸா அறிவித்தலை அந்தக் குரலில் வாசித்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மருந்தகம், சட்டத்தரணியின் அலுவலகம், நிதி தொடர்பான நிறுவனம், நகைக்கடை ஆகியவற்றுக்கு வாடிக்கையாளர் வருவது நம்பிக்கையைத் தேடி. அங்கே சிரிக்கும் எழுத்து சந்தேகத்தைத் தரும்.

இதற்கு உலகறிந்த ஓர் உதாரணம் உண்டு. 2012 ஜூலை 4 ஆம் திகதி, ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வுகூடத்தில் ஹிக்ஸ் துகள் பற்றிய வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த அறிவிப்பு வெளியானது. ஆய்வுக்குழு ஒன்றின் விளக்கத் திரைகள் 'கொமிக் சான்ஸ்' என்ற சிரிப்புப்பட எழுத்தில் அமைந்திருந்தன. அது குண்டெழுத்தல்ல. ஆனால் விளையாட்டுக் குரலில் அதன் சகோதரம். எத்தனையோ வருட உழைப்பின் பெறுபேற்றை உலகம் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஏராளமானோர் எழுத்தைப் பற்றிக் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். விஞ்ஞானிகளுக்கு அதனால் நட்டமில்லை. சிறு வியாபாரிக்கு நட்டம் உண்டு.

இரண்டாவதாக, நீண்ட வாசகங்களுக்கு இது உதவாது. சேர்மானம், பாவனை முறை, நிபந்தனைகள், முகவரி, தொலைபேசி இலக்கம், திகதி ஆகிய அனைத்தையும் சாதாரண வாசிப்பு எழுத்திலேயே போட வேண்டும். விசேடமாக, திகதியும் சேர்மானமும் அழகுக்குரிய விடயங்கள் அல்ல. நிலக்கடலை ஒத்துவராத பிள்ளைக்குத் தின்பண்டம் வாங்கும் தாய் அந்த வரியைத்தான் தேடுகிறார். அவர் வாசிக்க முடியாமல் போனால் அது வடிவமைப்புக் குறையோடு நின்றுவிடாது.

எமது எழுத்துக்களில் தனிக் கவனம்

ஆங்கில எழுத்தைவிடத் தமிழெழுத்தில் குண்டு வடிவம் சிரமமானது. மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது புள்ளி. தடித்த எழுத்தின் மேல் வைக்கும் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் 'அப்பம்' என்பது 'அபபம' ஆகிவிடும். புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையே தூரத்திலிருந்தும் தெரியக்கூடிய வெளி இருக்க வேண்டும்.

இரண்டாவது சுழி. ணகரத்துக்கும் னகரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரேயொரு சுழி. தடிப்பில் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டினால் வன்பொருள் கடையின் 'ஆணி' ஆனி மாதமாக மாறிவிடும்.

மூன்றாவது, எமது சமூகத்தின் கடைப் பெயர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய எழுத்துக்களும் ஆய்த எழுத்தும் எமது பெயர்களில் அடிக்கடி வருகின்றன. இவற்றில் முதல் நான்கும் வளைவுகளும் மடிப்புகளும் கூடியவை. 'ஜூ', 'ஷூ', 'ஹூ' என்று வரும்போது நெரிசல் இன்னும் அதிகம். எழுத்துருவின் மாதிரித் தாளில் 'அம்மா', 'அப்பா' என்று அழகாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். உங்கள் கடையின் பெயரையே அந்த எழுத்தில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பெயரில் இவ்வெழுத்துக்கள் நெருங்கி வந்தால் ஒரு படி குறைந்த தடிப்பைத் தெரிவுசெய்வது புத்திசாலித்தனம்.

மும்மொழிப் பலகை போடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாலூ குடும்பத்தில் சிங்கள எழுத்து இல்லை. தமிழைக் குண்டாகவும் சிங்களத்தை மெல்லியதாகவும் போட்டால், ஒரு மொழியினரைக் கூப்பிட்டு மற்றவரை வாசலில் நிறுத்தியது போலாகும். எமது நாட்டின் மூனியாக் குழுவினர் வெளியிட்ட 'கெமுனு லிப்ரே' சிங்கள எழுத்துருவில் தடித்த வகைகளும் உண்டு. அதுவும் இலவசமே. எதைத் தெரிவுசெய்தாலும் மூன்று மொழிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, தடிப்பும் உயரமும் ஒத்திருக்கின்றனவா எனப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்குக் கொடுக்குமுன்

ஒன்று: அளவு. பெயர்ப்பலகைத் தொழிலில் ஒரு பொதுக்கணக்கு உண்டு. பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். நாற்பது அடி அகலமான தெருவின் மறுகரையிலிருந்து வாசிக்க நான்கு அங்குலம் வேண்டும். இது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கான கணக்கு. எமது எழுத்துக்கு மேலும் கீழும் விசிறியும் சுழியும் வருவதால், ஆறு அங்குலமாகக் கணக்கிட்டால் பாதுகாப்பு.

இரண்டு: இடைவெளி. தடித்த எழுத்துக்களை நெருக்கி அடைத்தால் சொல் ஒரு சுவர்போலத் தெரியும். பலகையின் ஓரத்திலும் எழுத்தைச் சுற்றியும் தாராளமாக வெறுமை விடுங்கள். காசு கொடுத்த இடம் வீணாகிறதே என்று எண்ண வேண்டாம். அந்த வெறுமைதான் எழுத்தைத் தூக்கிக் காட்டுகிறது.

மூன்று: தட்டச்சு. எமது அச்சகங்கள் பலவற்றில் பாமினி முறையில் தட்டச்சுச் செய்யும் வழக்கம் இருக்கிறது. பாலூ தம்பி யுனிகோட் எழுத்துரு. பாமினியில் அடித்ததை அப்படியே மாற்றினால் பொருளற்ற எழுத்துக்களே வரும். முதலில் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். சில வடிவமைப்பு மென்பொருள்களில் தெற்காசிய மொழிகளுக்குரிய அமைப்பைத் தெரிவுசெய்யாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கோழிக் கடைக்குக் கொம்பு இடம் மாறினால் ஊரே சிரிக்கும்.

நான்கு: சோதனை. திரையில் பார்த்து ஒப்புதல் கொடுக்காதீர்கள். திரையில் எல்லாமே பெரிதாகத் தெரியும். லேபலை உண்மையான அளவில் ஒரு கடதாசியில் அச்சடித்து, கண்ணாடி போடும் வயதுடைய ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பொலித்தீனில் அச்சிடுவதாயின் மை மேலும் பரவும் என்பதையும் கணக்கில் எடுங்கள். பலகையாயின் அதன் படத்தைக் கைத்தொலைபேசியில் நகத்தளவு சிறிதாக்கிப் பாருங்கள். பெயர் தெரிந்தால் பலகை தெருவிலும் தெரியும்.

தொதல் தம்பியின் விடயத்துக்கு வருவோம். இரண்டாயிரம் லேபலும் வீண். பெருநாள் காத்திருக்காது என்பதால், அந்தச் சரக்கை ஊர்க்கடைகளுக்கே பிரித்துக் கொடுத்து முதலை மட்டும் எடுத்தார். அவரது உம்மா ஒரு கேள்வி கேட்டாராம். "மகன், பேர வாசிக்கிறவங்க வாங்குவாங்க. தேதிய வாசிக்க ஏலாதவங்க எப்படி நம்புவாங்க?"

அடுத்த தடவை அவர் எழுத்தை மாற்றவில்லை, பிரித்தார். முன்பக்கத்தில் 'தொதல்' என்ற ஒரு சொல் மட்டும் அதே குண்டெழுத்தில், முன்னரைவிடப் பெரிதாக. பின்பக்கத்தில் மற்ற எல்லாம் சாதாரண எழுத்தில், வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக. அதே கடைக்கு அதே பொதியோடு மீண்டும் போனார். பொறுப்பானவர் திருப்பிப் பார்த்தார். இம்முறை திகதியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. விலையைத்தான் கேட்டார்.